ஹார்டு டிஸ்க் தடுமாறும்போது முதலில் என்ன செய்வது?

எங்கள் தெருவில் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் காலையில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, ரெண்டு வாரமா டிக் டிக்னு சத்தம் வந்துச்சு. ஃபோட்டோ எல்லாம் திறக்குதேன்னு விட்டுட்டேன். நேத்து ராத்திரி ஏதோ எர்ரர் காட்டுச்சு. சரி பண்ணட்டும்னு செக் டிஸ்க் போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். காலையில பார்த்தா டிரைவே காட்டலை" என்றார். ஆறு வருடத்துக் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. வேறு நகல் இல்லை.

சத்தம் வந்தபோது அவர் காத்திருந்தார். எர்ரர் வந்தபோது, விண்டோஸோடு வரும் செக் டிஸ்க் என்ற சோதனை நிரலைக் கொண்டு சரிசெய்யப் பார்த்தார். நடுவில் படங்களை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தால் போதும், அந்த இரண்டு வாரம் தாராளமான அவகாசம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிக்ஸி ஓடவில்லை என்றால் பழுது பார்க்கிறோம், ஃபேன் கத்தினால் எண்ணெய் விடுகிறோம். அதே பழக்கத்தில் ஹார்டு டிஸ்க்கையும் சரிசெய்யக் கை போகிறது. ஆனால் மிக்ஸியில் நமக்கு வேண்டியது மிக்ஸி. ஹார்டு டிஸ்க்கில் நமக்கு வேண்டியது உள்ளே இருப்பது. டிரைவைக் கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், அந்தப் படங்களை வாங்க முடியாது.

எண்ணெய் தீரப்போகும் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு கடிதத்தைப் படித்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஏன் குறைந்தது என்று விளக்கைக் கவிழ்த்துப் பார்க்க மாட்டோம், கடிதத்தைத்தான் படிப்போம். பழுதாகத் தொடங்கிய டிரைவும் அந்த விளக்கு மாதிரிதான். அதிலிருந்து இன்னும் எத்தனை மணி நேரம் படிக்க முடியும் என்பது யாருக்கும் தெரியாது. இருக்கிற நேரத்தை நகல் எடுக்கச் செலவழிக்க வேண்டும், பரிசோதனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். மேஜைக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் டிரைவில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும், லேப்டாப் டிரைவில் 5400 முறை. 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, நெடுஞ்சாலையில் பறக்கும் கார் போல. தட்டுக்கு மேலே ஒரு மெல்லிய கையின் நுனியில், காந்தப் பதிவைப் படிக்கும் ஹெட் மிதக்கிறது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். ஒரு தூசி நடுவில் புகுந்தாலே, சாலையில் பெரிய பாறாங்கல் கிடப்பது போல ஆகிவிடும். டிரைவ் ஓடும்போது லேப்டாப்பைக் கட்டிலில் தொப்பென்று போடுவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும்.

தட்டின் பரப்பு செக்டார் எனப்படும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்பு ஒரு செக்டாருக்கு 512 பைட், இப்போதைய டிரைவ்களில் பெரும்பாலும் 4096 பைட். ஒவ்வொரு செக்டாரோடும் பிழைதிருத்தத் தகவலும் சேர்த்தே எழுதப்படுகிறது. அதனால் கொஞ்சம் மங்கிய செக்டாரைக்கூட டிரைவ் தானாகவே சரியாகப் படித்துக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. ரொம்பவே மங்கிவிட்டால்தான் தொல்லை. அப்போது டிரைவ் அதே இடத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். ஒரு செக்டாருக்காகப் பல நொடிகள்கூட முயலும். அதுவரை கம்ப்யூட்டர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கும். "அந்த ஒரு ஃபோல்டரைத் திறந்தா மட்டும் ஹேங் ஆகுது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

எதையெல்லாம் அறிகுறி என்று எடுத்துக்கொள்வது

சத்தத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. நல்ல டிரைவும் சத்தம் போடும். படிக்கும்போது மெல்லிய கரகரப்பு வரும், கம்ப்யூட்டரை அணைக்கும்போது ஹெட் தன் இடத்தில் போய் அமரும் ஒரு 'டிக்' கேட்கும். அது இயல்பு. சீரான இடைவெளியில் டிக், டிக், டிக் என்று தொடர்ந்து வந்தால் அது வேறு. தட்டில் தன் வழியைக் காட்டும் குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை, ஒவ்வொரு முறையும் தோற்றுத் திரும்பிப் போய் மறுபடி முயல்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். உலோகம் உரசுவது போன்ற சத்தம் அதைவிட மோசம், ஹெட் தட்டைத் தொட்டே விட்டிருக்கலாம். எக்ஸ்டர்னல் டிரைவில் 'பீப்' என்ற மெல்லிய முனகல் மட்டும் வந்து தட்டு சுழலவே இல்லை என்றால், மோட்டார் திணறுகிறது. ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். போதிய மின்சாரம் வராத யூஎஸ்பி போர்ட்டாகவும் இருக்கலாம்.

சத்தமில்லாத அறிகுறிகளும் உண்டு. நேற்றுவரை திறந்த ஃபைல் இன்று திறக்கவில்லை. படம் பாதிவரை வந்து மீதி சாம்பல் நிறமாக நிற்கிறது. ஃபோல்டர் பெயர்கள் கட்டம் கட்டமாக, புரியாத எழுத்துகளாகத் தெரிகின்றன. காப்பி போட்டால் 97 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆக வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கிறது. டிரைவ் நடுநடுவே காணாமல் போய் மறுபடி வருகிறது. இவற்றில் ஒன்று மட்டும் ஒருமுறை வந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலோ, ஒன்றே திரும்பத் திரும்ப வந்தாலோ, வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. "இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். எதில் என்ன இருக்கிறது என்ற அட்டவணையைப் படிக்க முடியாமல் போனதால் வரும் செய்தி அது. படங்கள் அப்படியே உள்ளே இருக்கக்கூடும். பதற்றத்தில் 'ஃபார்மட்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ரத்து செய்துவிட்டு டிரைவைக் கழற்றி வையுங்கள்.

முதல் பத்து நிமிடம்

டிக் டிக் சத்தமோ உரசல் சத்தமோ வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். "இன்னும் ஒரே ஒருதடவை போட்டுப் பார்க்கலாம்" என்று தோன்றும். அந்த ஒருதடவையில் ஹெட் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டால், அங்கே இருந்தது தூளாகிவிடும். எந்த வல்லுநராலும் தூளைத் தரவாக மாற்ற முடியாது. அதில் உள்ளவை உயிருக்குச் சமமானவை என்றால், வீட்டு முயற்சி அத்தோடு முடிந்தது.

சத்தம் எதுவும் இல்லை, மெதுவாக இருக்கிறது, எர்ரர் வருகிறது, அவ்வளவுதான் என்றால் நகல் எடுக்கலாம். வேறு ஒரு டிரைவை வைத்துக்கொண்டு உட்காருங்கள். முடிந்தால் வேறொரு கேபிளும் வேறொரு போர்ட்டும் மாற்றிப் பாருங்கள், பல நேரங்களில் குற்றவாளி அந்தச் சின்னக் கேபிள்தான். யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள், உள்ளே பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 1 டிபி டிரைவை நகலெடுக்க மூன்று மணி நேரத்துக்குள் ஆகும். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் அதே வேலைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். நோயாளி டிரைவுக்கு அந்த வித்தியாசம் சாதாரணம் இல்லை.

எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். மொத்த டிரைவையும் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டுவிடுவார்கள். அது அகர வரிசைப்படியோ எப்படியோ போய், முதல் ஒரு மணி நேரத்தைப் பழைய சினிமாக்களிலும் கேம்களிலும் கரைத்துவிடும். ஒரு நிமிடம் யோசியுங்கள்: எதை மறுபடி டவுன்லோடு செய்ய முடியாது? அதுதான் முதலில். கடைக் கணக்கு, ஆய்வேடு, பத்திரங்களின் ஸ்கேன், எழுதிக்கொண்டிருக்கும் ஏதாவது. இவையெல்லாம் அளவில் சிறியவை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்புறம் குடும்பப் படங்கள், அதற்குப் பிறகு வீடியோக்கள். சினிமாவும் சாஃப்ட்வேரும் நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

ஏதாவது ஒரு ஃபைலில் வந்து நின்றுவிட்டால் அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு படத்துக்காக ஐம்பது முறை முயல்வது, மீதி ஐயாயிரம் படங்களின் நேரத்தைத் தின்னும். நல்ல பகுதி எல்லாம் கைக்கு வந்தபிறகு அந்த ஒன்றுக்குத் திரும்பி வரலாம்.

இதே யோசனையை ஒழுங்காகச் செய்யும் ஒரு இலவச நிரல் உண்டு, குனு டிடிரெஸ்க்யூ. லினக்ஸில் ஓடுவது. அது ஃபைல்களைப் பார்ப்பதில்லை, டிரைவை முழுதாக, செக்டார் செக்டாராக, வேறு டிரைவுக்கோ ஒரே பெரிய ஃபைலாகவோ நகலெடுக்கும். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்த இடங்களை எல்லாம் வேகமாக எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்த சுற்றுகளில்தான் அந்த இடங்களுக்குத் திரும்பும். எதுவரை எடுத்தது என்று ஒரு குறிப்பு ஃபைலில் எழுதிக்கொண்டே வருவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் போகும் டிரைவில் பழைய டிரைவின் அளவுக்காவது இடம் இருக்க வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: எது மூலம், எது நகல் என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்லதெல்லாம் அழிந்துபோகும். லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

செக் டிஸ்க் ஏன் கூடாது

ஸ்டூடியோ அண்ணன் போட்டது எல்லோரும் போடுவதுதான். பெயரைப் பார்த்தால் மருத்துவர் மாதிரி இருக்கிறது. ஆனால் செக் டிஸ்க்கின் வேலை, ஃபைல் அட்டவணையை முரண்பாடில்லாமல் ஆக்குவது. அதில் பொருந்தாத பதிவுகள் இருந்தால் திருத்திவிடும், தேவைப்பட்டால் நீக்கியும்விடும். உங்கள் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் குறிக்கோளே இல்லை. கெட்டுப்போன செக்டார்களைத் தேடும் முழுச் சோதனையை ஓடவிட்டால், டிரைவின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் படிக்க வைக்கும். கூடவே அதன் மேலேயே எழுதும். ஜுரத்தில் படுத்திருப்பவரை எழுப்பி மலை ஏறச் சொல்வது போல. நகல் எடுத்து முடித்தபிறகு வேண்டுமானால் ஓட்டுங்கள், அப்போது போனாலும் கவலை இல்லை.

இதே காரணத்துக்காக டீஃபிராக் (சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை இடம்மாற்றி ஒழுங்குபடுத்துவது), முழு வைரஸ் ஸ்கேன், மீட்பு சாஃப்ட்வேரை அதே டிரைவில் இன்ஸ்டால் செய்வது, எதுவும் வேண்டாம். பழுதான டிரைவில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்தால் சில்லென்ற தண்ணீர்ச் சொம்பில் வியர்ப்பது போல ஈரம் படியும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் தட்டிலும் படிந்தால், சில நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் ஹெட்டின் கதி என்ன? தட்டிப் பார்ப்பதும் குலுக்கிப் பார்ப்பதும் அப்படியே. மூடியைத் திறப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு, வீட்டுக் காற்றில் இருக்கும் தூசியே போதும். யூடியூபில் ஒருவர் திறந்து காட்டுகிறார் என்றால், அந்த டிரைவில் அவருக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் பச்சை போர்டை அதே மாடல் டிரைவிலிருந்து மாற்றிப் போடுவதும் இப்போது பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிரைவுக்கும் தனியான அளவீட்டுத் தகவல் அந்த போர்டின் சிப்பில் இருக்கும்.

ஸ்மார்ட் எண்களை எப்படிப் படிப்பது

டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில் பார்க்கலாம். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். வண்ணத்தோடு நிற்காமல் சில வரிசைகளையும் பாருங்கள்.

5 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போனதால் உதிரி செக்டாருக்கு மாற்றப்பட்டவற்றின் எண்ணிக்கை. ஒவ்வொரு டிரைவிலும் இதற்கென்றே கொஞ்சம் உதிரி இடம் ஒதுக்கிவைத்திருப்பார்கள். 197 என்பது, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். என்னைக் கேட்டால் 197தான் அதிகக் கவலைப்பட வேண்டியது. 5-இல் உள்ளது முடிந்துபோன கதை, 197-இல் உள்ளது இந்த நிமிடம் உங்கள் ஃபைல் ஒன்றைப் படிக்க முடியாமல் டிரைவ் நிற்பது. 187, 198 இரண்டும் திருத்த முடியாத பிழைகளைச் சொல்பவை. இந்த எண்கள் பூஜ்யமாக இருக்க வேண்டும். இரண்டோ மூன்றோ இருந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் கண்காணிக்கலாம், வாரத்துக்கு வாரம் ஏறினால் டிரைவ் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறினால் நிம்மதி, அது பெரும்பாலும் கேபிள் கோளாறு.

புதியவர்கள் பயப்படும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ அந்த எண்களை வழக்கமாகப் பதினாறின் அடிப்படையில் காட்டும். அங்கே 10 என்று இருந்தால் அது நம் கணக்கில் 16. அமைப்பில் பதின்ம முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், சீகேட் டிரைவ்களில் 1 என்ற வரியில் கோடிக்கணக்கில் ஒரு எண் நிற்கும். அந்த நிறுவனம் எண்ணும் விதம் அப்படி, பழுது இல்லை.

ஸ்மார்ட் 'நலம்' என்று சொன்னால் நம்பலாமா? கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், பழுதான டிரைவ்களில் 36 சதவீதத்துக்கும் மேலானவை எந்த ஸ்மார்ட் எண்ணிலும் ஒரு சின்ன எச்சரிக்கைகூடக் காட்டாமல் போயிருக்கின்றன. அதே அறிக்கையில் மறுபக்கமும் இருக்கிறது. மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை வந்த டிரைவ், பிழை வராத டிரைவைவிட அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். ஆக, ஸ்மார்ட் எச்சரித்தால் உடனே நம்புங்கள். அது நலம் என்று சொல்லி, உங்கள் காது டிக் டிக் என்று கேட்டால், காதை நம்புங்கள்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு

எஸ்எஸ்டி என்பது சிப்பில் தரவை வைக்கும் டிரைவ். அதில் சுழலும் தட்டு இல்லை, சத்தமும் வராது. கீழே விழுந்தால் தாங்கும். அதனால் போகும்போது பெரும்பாலும் சொல்லாமல் போகிறது, காலையில் ஆன் செய்தால் டிரைவே இருக்காது. சில நேரம் எழுத முடியாமல் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போய் நிற்கும். அது பெரிய அதிர்ஷ்டம், அப்போதே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதையாவது சேமித்த பிறகு மறுபடி ஆன் செய்தால் பழையபடியே இருக்கிறது, அடிக்கடி நீலத் திரை வருகிறது என்றால் அதையும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். இதில் எச்சரிக்கையை நம்பி இருக்கவே முடியாது, பேக்கப் ஒன்றுதான் வழி. எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் வைத்து ஆவணக் காப்பகமாகப் பயன்படுத்தவும் வேண்டாம், உள்ளே உள்ள மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும்.

கடைக்குக் கொண்டுபோனால்

சாதாரண சர்வீஸ் கடைக்கும் டேட்டா ரெக்கவரி ஆய்வகத்துக்கும் வித்தியாசம் உண்டு. பல கடைகள் டிரைவை வாங்கி வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புகின்றன. அனுப்புவதற்கு முன் அவர்களே இரண்டு மூன்று சாஃப்ட்வேர் போட்டுப் பார்ப்பதுதான் ஆபத்து. நேராகக் கேளுங்கள்: டிரைவைத் திறக்க வேண்டி வந்தால் தூசி வடிகட்டிய க்ளீன் ரூம் இருக்கிறதா? எதுவும் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? வேலை தொடங்கும் முன் செலவைச் சொல்வீர்களா? டிரைவ் எப்படியும் திரும்பக் கிடைக்குமா? தயங்காமல் பதில் சொல்பவரிடம் கொடுங்கள். ஏற்கெனவே நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாரண்டி இருக்கிறதே என்று நேராகக் கம்பெனிக்கு அனுப்பிவிடாதீர்கள். பொதுவாக அவர்கள் வேறு டிரைவ் தருவார்கள், உள்ளே இருந்ததற்குப் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அண்ணனின் டிரைவ் அப்படி ஓர் ஆய்வகத்துக்குப் போனது. ஆறு வருடப் படங்களில் ஏறத்தாழ நான்கு வருடத்துப் படங்கள் திரும்பி வந்தன. மீதியில் சில குடும்பங்களிடம் ஆல்பம் பிரிண்ட் இருந்தது, ஸ்கேன் செய்துகொண்டார். சிலரிடம் எதுவுமே இல்லை. அந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது அவர் ஒவ்வொரு கல்யாணத்தையும் மூன்று இடத்தில் வைக்கிறார். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிரைவில் ஒன்று, தங்கை வீட்டில் இருக்கும் இன்னொரு டிரைவில் ஒன்று. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற வழக்கம் இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கூகுள் டிரைவ் போன்ற கிளவுடையும் அந்த வெளியிடமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தானாக ஒத்திசையும் ஃபோல்டரில் ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

நகல் எடுத்து முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய டிரைவில் அங்கங்கே ஐம்பது ஃபைலாவது திறந்து பாருங்கள். பெயர் இருந்து அளவு பூஜ்யமாக இருக்கும் ஃபைல்கள் இப்படித்தான் கண்ணில் படும். அதுவரை பழைய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள், ஃபார்மட் செய்து வேறு வேலைக்கும் எடுக்காதீர்கள். அதன் மேல் ஒரு பேப்பரை ஒட்டி, தேதி போட்டு, "பழுது, எழுதாதே" என்று எழுதி அலமாரியில் வையுங்கள். வீட்டில் வேறு யாராவது சினிமா ஏற்ற எடுத்துவிடாமல் இருக்கும்.